மாரீஸ்வரியின் கடலை வேண்டுதல்

“செல்வி சு. மாரீஸ்வரி. வயது இருபத்திரண்டு. பி.ஏ. வரலாறு. மாநிறம், நடுத்தர உயரம். பூரண உடல்நலம் உள்ளவர். எல்லாம் உண்பார், எல்லாம் சமைப்பார். தெய்வபக்தி மிக்கவர். அதிர்ந்து பேசாதவர்.”

தேனியில் ஒரு திருமணத் தகவல் மையம் 2009ஆம் ஆண்டு அச்சடித்துக் கொடுத்த குறிப்பு இது. வயதும் படிப்பும் சரி. மாநிறம் என்பது போட்டோ எடுத்தவரின் பெருந்தன்மை. மற்றதில்தான் தகராறு. பூரண உடல்நலம் உள்ள அந்தப் பெண் அதற்குள் இரண்டு முறை சாவின் வாசல்படி வரை போய்த் திரும்பியிருந்தாள். எல்லாம் உண்பவள், ஒரு நிலக்கடலையில் பாதியை உண்டால் மூன்றாவது முறையும் போக வேண்டியிருக்கும். திரும்பி வருவாள் என்று யாரும் எழுதிக் கொடுக்கத் தயாராக இல்லை. தெய்வபக்தி கல்யாணத்துக்குப் பிறகு, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தது. அதிர்ந்து பேசாதவள் என்பது மட்டும் அப்போதைக்கு உண்மை. பேசினால் அதட்ட வீட்டில் ஆள் இருந்தது.

மாரீஸ்வரி பிறந்தது கோம்பையில், மலையடிவாரத்தில். அப்பா சுந்தரலிங்கத்துக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு. மழை பெய்த வருஷம் நிலக்கடலை போடுவார். பெய்யாத வருஷம் அரசாங்கத்தைத் திட்டுவார். பிறந்த சில மாதத்தில் பிள்ளைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்தது. தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்து, பிள்ளை சொறிந்துகொண்டே கிடந்தது. கரப்பான் வந்த பிள்ளைக்குக் கடலை, கத்தரிக்காய், கருவாடு மூன்றும் ஆகாது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்த வைத்தியம். அம்மா முருகம்மாள் இதில் படு கண்டிப்பு. பிள்ளை தவழ்ந்து போய் ஒரு பருப்பைப் பொறுக்கினால் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துவிடுவாள். பால் கொடுத்த காலம் முழுக்கத் தானும் தொடவில்லை.

ஆனால் விதைக்கடலையை மெஷினில் உடைத்தால் முளை முறிந்துவிடும் என்று அந்த வீட்டில் கையால்தான் உடைப்பார்கள். முருகம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே உடைப்பாள். கையெல்லாம் கடலைத் தூசி. அதே கையால் பிள்ளையின் கன்னத்தைத் துடைப்பாள். சாயங்காலமானால், வெடித்த தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று செக்கில் ஆட்டிய கடலெண்ணெயை இளஞ்சூட்டில் தடவிவிடுவாள். கடை எண்ணெயில் என்ன கலந்திருக்கிறதோ, சொந்தக் காட்டுக் கடலையில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது? வாய்க்குப் போட்ட தடையைத் தோலுக்குப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தாய் எவ்வளவு கவனமாக இருக்க முடியுமோ அவ்வளவு கவனமாக இருந்து, செய்யக்கூடாத இரண்டையும் அவள் ஒருசேரச் செய்து முடித்தாள்.

கரப்பான் போய்விட்டது. தடையும் பழகிப்போனது. 1996இல், ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பெண் ஒருத்தி கடலை மிட்டாயில் பாதியைக் கடித்துக் கொடுத்தாள். மாரீஸ்வரி வாழ்க்கையில் கடலை தின்றது அதுதான் முதல் தடவை. வாய் அரித்தது. உதடு பணியாரம் மாதிரி வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு விசில் அடித்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தபோது வாந்தி எடுத்தாள்.

பக்கத்துத் தெரு ராக்கையா விஷக்கடிக்கு மந்திரிப்பவர். வேப்பங்குழையும் கையுமாக வந்து பார்த்தார். “காணாக்கடி” என்றார். கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடித்துவிட்டது என்று அர்த்தம். எது கடித்தது என்று கேட்டால் அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விடை. மறுக்கவே முடியாத வைத்தியம். வாந்தியோடு கடலை வெளியே போய்விட்டதால் பிள்ளை பிழைத்தது. பேர் வேப்பங்குழைக்குக் கிடைத்தது.

இரண்டாவது தடவை 2004இல். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். சின்னமனூரில் ஒரு காதுகுத்து வீட்டில் தேங்காய்ச் சட்னி என்று நினைத்துக் கடலைச் சட்னியைத் தோசையின் நுனியால் லேசாகத் தொட்டு வாயில் வைத்தாள். இந்தத் தடவை மூச்சு விசில் அடிக்கக்கூட மீதமில்லை. கண் செருகிச் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பிறகு யாரோ சொல்லி, தேனியில் வைகுண்டராஜ் என்ற டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் இளவயசு. ஊசி போடுவதைவிடக் கேள்வி கேட்பதில் பிரியமுள்ளவர். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு முடித்து, “கடலை ஒவ்வாமை” என்றார்.

“அதெப்படி டாக்டர்?” என்றாள் முருகம்மாள். “இவ வாயில கடலையே பட்டதில்லையே. மொத மொத தின்னதுலயே எப்படி ஒத்துக்காமப் போகும்?”

“நல்ல கேள்விம்மா. மொத தடவை படுறப்ப ஒடம்பு ஒண்ணும் பண்ணாது, ஆளை அடையாளம் மட்டும் பாத்து வச்சுக்கும். அடுத்த தடவைதான் அடிக்கும். அப்ப இந்தப் பொண்ணோட ஒடம்பு, திங்கிறதுக்கு முன்னாடியே கடலையை எங்கேயோ பாத்திருக்கு. எங்க பாத்துச்சு?”

முருகம்மாள் கரப்பானைச் சொன்னாள். மடியில் போட்டு உடைத்ததைச் சொன்னாள். எண்ணெயைச் சொல்ல ஆரம்பித்து, டாக்டர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறவங்களை நெனச்சுக்கங்க” என்றார் டாக்டர். “ஒரு மாமன் முன்வாசல் வழியா வந்தா சந்தனம் குடுத்து, பன்னீர் தெளிச்சு உள்ள விடுவாங்க. அதே மாமன் பின்பக்கச் செவரு ஏறிக் குதிச்சா?”

“நாலு சாத்து சாத்துவாக” என்றார் சுந்தரலிங்கம்.

“அவ்வளவுதான். வாய் முன்வாசல். அது வழியா, சின்ன வயசுல, கொஞ்சம் கொஞ்சமா வந்ததை ஒடம்பு ஒறவுன்னு எடுத்துக்கும். வெடிச்ச தோல் இடிஞ்ச செவரு. அது வழியா வந்ததைத் திருடன்னு முடிவு பண்ணிரும். முடிவு பண்ணின பிறகு அந்த மாமன் முன்வாசல்ல மாலையோட வந்தாலும் விடாது. இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம்தான். ஆனா இந்தப் பொண்ணுக்கு அப்படித்தான் நடந்திருக்கணும்.”

பிறகு படம் போட்டுக் காட்டினார். கடலையின் புரதம் ஒன்றைப் பகையென்று தீர்மானித்ததும் உடம்பு அதற்கென்றே ஒரு எதிர்ப்பொருளைச் செய்து வைத்துக்கொள்கிறது. அந்த எதிர்ப்பொருள் போய்ச் சில உயிரணுக்களின் மேல் திரியைப் போல உட்கார்ந்துகொள்கிறது. உயிரணுவுக்குள் ஹிஸ்டமின் முதலான வெடிமருந்து. அடுத்த முறை கடலை வந்து திரியைத் தொட்டதும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வெடி. தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. கடலை ஒரு கேடும் செய்வதில்லை. கேடு முழுக்கக் காவல்காரன் செய்வது.

“அப்ப எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு. சத்து டானிக் எழுதிக் குடுங்க டாக்டர்” என்றார் சுந்தரலிங்கம்.

“கம்மியில்லைங்க. கூடுதல். டானிக் குடிச்சு இதைக் கூட்டிறாதீங்க.” டாக்டர் மாரீஸ்வரியின் பக்கம் திரும்பினார். “இதுக்கு மருந்து கிடையாதும்மா. கடலையைத் தொடாம இருக்கிறதுதான் மருந்து. ஒரு துணுக்குகூட. கூட இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிரு. மூச்சு முட்டினா ஊசி போடணும், லேட் பண்ணக்கூடாது.”

திரும்பி வரும் பஸ்ஸிலேயே சுந்தரலிங்கம் தன் தீர்ப்பை எழுதிவிட்டார். “கடலைய விட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. அப்ப நோய் இல்லைன்னுதான அர்த்தம். இல்லாத நோய எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? நாளைக்கு இவளக் கேட்டு வர்றவன் வியாதிக்காரின்னு திரும்பிப் போவான். இவளுக்குப் பின்னால சினேகா வேற இருக்கா.” சினேகா இளைய மகள். ஆக, எல்லோரிடமும் சொல்லிவை என்று டாக்டர் சொன்னதும், யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொன்னதும் ஒரே நாளில் நடந்தன. மாரீஸ்வரி பஸ் கட்டணம் கொடுத்தவர் பேச்சைக் கேட்டாள்.

கல்லூரிக் காலம் டிபன் பாக்ஸில் பத்திரமாகக் கழிந்தது. 2009இல் வரன் வந்தது. மாப்பிள்ளை நாகராஜ். ஆண்டிபட்டிப் பக்கம். நல்ல குடும்பம், நல்ல பையன், சொந்தத் தொழில். தொழில் என்ன என்று கேட்டார்கள். கடலை உடைக்கிற மில்.

முருகம்மாள் நெஞ்சில் கையை வைத்தாள். “வேணாங்க. வேற எடம் பாப்போம்.”

“கூறுகெட்டவளே. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னு பாத்திருக்கியா? அவுக கடலைய ஒடைக்கிறாக, விக்கிறாக. திங்கிறதுக்கு அவுகளுக்கு எங்க நேரம்?” என்றார் சுந்தரலிங்கம்.

பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. பதினொன்றாவது பொருத்தத்தை யாரும் கேட்கவில்லை. மில்லை வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாது, தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பூ வைத்த அன்று முருகம்மாள் மகளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தன் தாலியைத் தொடச் சொன்னாள். “சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுத்தா. நீ வாயக் கட்டு. ரெண்டு விதத்துலயும்.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

சுந்தரலிங்கம் சொன்னது பாதி சரியாக இருந்தது. அந்த வீட்டில் முழுப்பருப்பு அடுப்படி வாசலை மிதித்ததில்லை. அது சாக்கில் தைத்துத் தேனி கமிஷன் கடைக்குப் போய்விடும். உடைத்த ஓடு எரிப்பதற்குச் செங்கல் சூளைக்குப் போகும். சமையலுக்கு ரேஷன் பாமாயில். மாரீஸ்வரிக்கு முதல் நாள் உயிர் வந்தது. இரண்டாம் நாள் உடைசல் பருப்பைப் பார்த்தாள். மெஷினில் அடிபட்டு நொறுங்கிய பருப்புக்குச் சந்தையில் விலை இல்லை. அது முழுக்க வீட்டுக்கு. மாமியார் சங்கிலியம்மாள் அதை வைத்துச் சட்னி அரைத்தார், பொடி இடித்தார், புளிக்குழம்பில் அரைத்து ஊற்றினார், கீரையில் தூவினார். விலை போகாத பொருளில் ருசி பார்ப்பது அவருடைய கைத்திறன். அந்தத் தெருவே ஒத்துக்கொண்ட திறன்.

வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு சுவர். மெஷின் ஓடும்போது தூசி சுவரைக் கேட்டுக்கொண்டா வரும்? மாரீஸ்வரிக்குக் கண் எரிந்தது, தும்மல் நிற்கவில்லை. கொடியில் காய்ந்த சேலையை உடுத்தினால் கையில் தடிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள். தும்மலுக்கு மேகமலைக் காற்று. தடிப்புக்கு வெயில். சாப்பாட்டுக்குத்தான் காரணம் கிடைக்காமல் திண்டாடி, விரதத்தில் போய் விழுந்தாள். திங்கட்கிழமை சிவனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. விரதம் என்றால் தனியாகப் பொங்கிக்கொள்ளலாம். மிச்ச நாளில் சமையலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, உடைசல் டப்பாவைப் பரணில் ஏற்றினாள். மாமியார் இறக்கினார். அவள் மறுபடி ஏற்றினாள்.

“எம் மருமகளுக்கு இருக்கிற பக்தி கோயில் பூசாரிக்குக் கெடையாது” என்று சங்கிலியம்மாள் தெருவில் பெருமையடித்தார். உண்மையிலேயே பிரியம்தான். அந்தப் பிரியம்தான் ஆபத்து. பிரியமில்லாத மாமியார் மருமகள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்.

நாகராஜிடம் ஒருமுறை சொல்லப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போயிருந்தார்கள். அவன் அவித்த கடலை வாங்கிப் பொட்டலத்தை நீட்டினான்.

“எனக்குக் கடலை ஒத்துக்காதுங்க” என்றாள்.

அவன் சிரித்தான். “கடலை ஒத்துக்காதவளா கடலை மில்லுக்கு வாக்கப்பட்டு வந்திருக்க? தண்ணி ஒத்துக்காத மீனுன்னு சொல்லு.”

“நெசமாத்தாங்க.”

“அம்மாகிட்ட இப்படிச் சொல்லிறாத, மாரி. மில்லையே கொற சொல்றான்னு ஆயிரும். பிடிக்கலைன்னா தின்னாத. அதுக்கு ஏன் நோய் நொடின்னுக்கிட்டு.”

அவன் நல்லவன். அதனால்தான் அவளால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. முரடனாக இருந்தால் சண்டையிலாவது உண்மை வெளியே வந்திருக்கும்.

புதுப்பொண்ணு மாப்பிள்ளை விருந்து ஒவ்வொரு வீடாக முடிந்து, கார்த்திகையில் நாகராஜின் பெரியப்பா மொக்கைச்சாமி வீட்டுக்கு வந்து நின்றது. பங்காளிகளில் மூத்தவர். அவர் வீட்டில் எழுதாத சட்டம்: இலையில் வைத்ததை ஒதுக்கக்கூடாது. கோழிக்குழம்பில் கடலை அரைத்து ஊற்றியிருந்தது வாசத்திலேயே தெரிந்தது. கிழமை ஞாயிறு. எந்தச் சாமிக்கும் உரியதல்ல.

“என்னத்தா, கொழம்பத் தொடாம ஒக்காந்திருக்க?” என்றார் மொக்கைச்சாமி.

“கடலை சேத்திருக்கு, பெரிய மாமா.”

“சேத்தா?”

பந்தி முழுக்க அவளைப் பார்த்தது. அவள் வாயிலிருந்து அது தானாக வந்தது. “கடலைய விட்டிருக்கேன், மாமா. வேண்டுதல்.”

சங்கிலியம்மாளின் முகம் சுருங்கியது. “நமக்குப் படியளக்கிற பொருளையா விடுவ? அப்படி என்ன வேண்டுன?”

தப்பிக்க வேண்டுமானால் புகழ்ந்து தப்பிக்க வேண்டும் என்று மாரீஸ்வரி நினைத்தாள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். “நல்ல மாப்பிள்ளை அமையணும்னு சின்ன வயசுலயே நேந்துக்கிட்டேன், அத்தை.”

பந்தியே நெகிழ்ந்துபோனது. நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பெரிய மாமாவே அவளுக்கு ரசம் ஊற்றச் சொன்னார். இலையை மடித்து எழுந்தபோது மாரீஸ்வரி கல்யாணமாகி வந்த பிறகு முதல்முறையாக நன்றாக மூச்சுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வெற்றிலை போட்டபடி சங்கிலியம்மாள் யோசித்தார். “ஏத்தா, மாப்பிள்ளைதான் அமைஞ்சிருச்சுல்ல?”

“அமைஞ்சிருச்சு, அத்தை.”

“அப்ப வேண்டுதல முடிச்சு வைக்கணுமே. நேந்ததைக் கேட்டு வாங்கிக்கிட்டு முடிக்காம விட்டா சாமி சும்மா இருக்குமா? அதான் இன்னும் வயித்துல ஒண்ணையும் காணோம்.” அவருக்கு எல்லாம் துலங்கிவிட்டது. “மாசியில குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறப்ப, கடலை உருண்டை பிடிச்சுச் சாமிக்குப் படைச்சு, எல்லாரு முன்னாலயும் ஒங் கையில குடுக்கிறேன். தின்னு முடிச்சு வச்சிரு. அதுவரைக்கும் நானும் ஒனக்குக் கடலை போடல.”

இப்படியாக மாரீஸ்வரி தானே பூட்டு வாங்கி, தானே பூட்டி, சாவியை மாமியார் கையில் கொடுத்தாள். இடையில் இருந்த நாட்கள் சாப்பாட்டு விஷயத்தில் அந்த வீட்டில் அவள் கண்ட பொற்காலம். சட்னி தனியாக வந்தது, குழம்பு தனியாகக் கொதித்தது. மாமியார் ஒரு சொல் சொல்லவில்லை. கெடா வளர்ப்பவர்களுக்கும் அப்படித்தான். நேர்ந்துவிட்ட கெடாவை யாரும் அடிப்பதில்லை.

தை பிறந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“ஓரத்துல லேசாக் கடிச்சுட்டு முந்தானையில துப்பிருத்தா” என்றார் சுந்தரலிங்கம்.

“லேசாத் தொட்டதுக்குத்தான் அன்னைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனீக.”

“அப்பச் சின்னப் பிள்ள. இப்ப ஒடம்பு தாங்கும்.”

முருகம்மாள் போனை வாங்கினாள். “வந்திரு” என்று சொல்லப் போகிறாள் என்று மாரீஸ்வரி காத்திருந்தாள். “சினேகாவுக்கு ஒரு எடம் பேசிக்கிட்டிருக்காக” என்றாள் முருகம்மாள்.

டாக்டர் வைகுண்டராஜின் நம்பரைத் தேடிப் பிடித்து, மில் ஓடும் நேரமாகப் பார்த்துப் பேசினாள். அவருக்கு அவளை ஞாபகம் இருந்தது. கோயிலில் கடலை உருண்டை தின்ன வேண்டியிருப்பதைச் சொல்லி, “வயசானா தாங்குமா டாக்டர்?” என்று கேட்டாள். “பள்ளிக்கூடத்துல வந்ததைவிடச் சின்னமனூர்ல வந்தது மோசமா இல்லையாம்மா? மூணாவது எப்படி இருக்கும்னு நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. கோயில் எங்க இருக்கு?” மலையடிவாரத்தில், ரோடு போகாத இடத்தில் என்றாள். ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொன்னாள். “அப்ப வேண்டாம்மா. உண்மையைச் சொல்லிரு.”

“சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக டாக்டர்.”

“உயிரோட அனுப்புவாங்கல்ல” என்றார் டாக்டர்.

அந்த மாசியில் கோயிலுக்கு இரண்டு டிராக்டர் நிறையப் பங்காளிகள் போனார்கள். வேலிமுள் காட்டுக்கு நடுவே ஒரு புளியமரம், அதன் கீழ் நாலைந்து கல். காலையிலேயே பொங்கல் பொங்கி, கெடா விழுந்து, அடுப்புகள் புகைந்தன. சங்கிலியம்மாள் முந்தின நாளே உருண்டை பிடித்திருந்தார். உடைசலில் அல்ல. கமிஷன் கடைக்குத் தைத்து வைத்த சாக்கை அவிழ்த்து, முழுப்பருப்பாகப் பொறுக்கி, தொலி நீக்கி, வறுத்து, மண்டைவெல்லப் பாகில் பிடித்தது. அந்த வீட்டில் கல்யாணம் காட்சிக்குக்கூட யாருக்கும் அவர் இதைச் செய்ததில்லை. படைத்து, விபூதி தொட்டு வைத்து, ஒரு உருண்டையை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

“சாமிய நெனச்சு வாயில போடுத்தா.”

மாரீஸ்வரிக்கு முன்னால் கல். பின்னால் பெண்கள். இடது பக்கம் பெரிய மாமாவும் பங்காளிகளும். வலது பக்கம் நாகராஜ், செல்போனில் படம் எடுக்கத் தயாராக. உள்ளங்கையில் அரிப்பு தொடங்கிவிட்டது.

“இத நான் திங்க மாட்டேன், அத்தை” என்றாள்.

குலவை போட வாயைத் திறந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

“என்னத்தா பேசுற? சாமிக்குப் படைச்சது.”

“வாயில போட மாட்டேன். கையில போடுறேன், பாருங்க.” உருண்டையை எடுத்து இடது முன்கையின் உட்புறத்தில் அழுத்தித் தேய்த்தாள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை நீட்டியபடி நின்றாள். மில் தூசி பட்ட இடம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எதைப் பார்க்க நிற்கிறோம் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் நின்றார்கள். கோயிலில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றால் எதற்கும் இருக்கட்டும் என்று நின்றுவிடுவது மரபு.

முதலில் சிவந்தது. பிறகு கொசு கடித்த மாதிரி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, கையில் பூரான் படுத்த மாதிரி வெளுத்துத் தடித்து நின்றது.

சங்கிலியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மொக்கைச்சாமி கிட்டத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரலே வேறாக இருந்தது.

“சாமி முடிக்க விடலப்பா. பாத்துக்கங்க எல்லாரும். வேண்டுதல முடிக்காத, ஆயுசுக்கும் விட்டிருன்னு சாமி உத்தரவு குடுக்குது. சூடத்தக் கொளுத்துங்கடா.”

குலவை கிளம்பியது. யாரோ அவள் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார்கள். சங்கிலியம்மாள் கண் கலங்கி, “எம் மகளே, ஒம் பக்திய நான் சோதிச்சுப்பிட்டனே” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாகராஜ் படம் எடுக்க மறந்து நின்றான்.

கதவு திறந்துவிட்டது. இனி ஆயுள் முழுக்கக் கடலை இல்லை. பழி இல்லை, அப்பாவின் மானம் போகாது, சினேகாவின் இடம் கெடாது. சும்மா நின்றால் போதும், விபூதி பூசியவர்களே அவளை வெளியே தூக்கி வந்துவிடுவார்கள். மாரீஸ்வரி அந்தக் கதவு எங்கே போகிறது என்று பார்த்தாள். இன்று விடச் சொன்ன சாமி இன்னொரு மாசியில் தொடச் சொல்லலாம். நடுவில் பேசுவது பெரிய மாமாதான். வேண்டுதல் என்றால் தட்டில் கடலை வைக்க மாட்டார்கள். ஆனால் கடலை அரைத்த மிக்ஸி ஜாரில்தான் அவளுக்குத் தேங்காயும் அரைப்பார்கள். பக்திக்காகத் தனி ஜார் வாங்கியவர்கள் உலகத்தில் கிடையாது. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதன் தோலும் வெடித்தால், மாமியார் எந்த எண்ணெயைத் தடவுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்போது அதற்கு எந்த வேண்டுதலைச் சொல்வது?

“பெரிய மாமா” என்றாள். குலவையில் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததை ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு விதமாகவும் கோம்பையில் ஒரு விதமாகவும் சொல்வார்கள். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று மறுநாளே அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டது உண்மை. சினேகாவுக்குப் பேசிய இடம் தட்டிப்போனது உண்மை. நாகராஜ் டாக்டர் வைகுண்டராஜைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, பங்குனி முடிவதற்குள் தேனியில் வாடகைக்கு வீடு பிடித்து அவளை அழைத்துக்கொண்டதும் உண்மை. சங்கிலியம்மாள் அந்த வீட்டுக்கு வெகுகாலம் வரவில்லை. கோயிலில் மாரீஸ்வரி சாமியாடினாள் என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய்.

கடலை தனக்கு ஆகாது என்றும், அதைத் தின்றால் மூச்சு நின்றுவிடும் என்றும், ஒன்பது வயதிலிருந்து இருப்பதைத் தன் வீட்டார் மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்றும், வேண்டுதல் என்று தான் சொன்னது பொய் என்றும் மாரீஸ்வரி பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.